வீட்டுக்காரரின் பியரில் கராம்பு மணம்

எனக்கு எண்பத்திமூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நாலு நான் பெற்றது, ஒன்று என் தங்கை பெற்றது. வளர்க்கும்போது அந்த வித்தியாசம் நான் பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும், வரட்டும். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

நான் எழுதப்போவது பியரைப் பற்றி. கோயிலில் எனக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் இதைக் கேட்டால் கொஞ்சம் தள்ளித்தான் இருப்பார்கள். இருக்கட்டும். புளித்து முடிந்த பியரை மூக்கில் வைத்து மணந்து, இன்ன இடத்தில் பிழை வந்தது என்று சொல்லக்கூடிய மனுசி கனடாவில் இந்த ஸ்காபரோவில் என்னைவிட வேறு ஒருத்தி இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்ப்போம்.

எண்பத்தாறாம் ஆண்டு, இலை கொட்டுகிற காலத்தில், வோபர்ன் பக்கம் ஒரு வீட்டின் பேஸ்மென்றுக்குக் குடிவந்தோம். ஏழு பேர். அதற்கு முன் வீடு தேடித் திரிந்த கதையைச் சொன்னால் தனியாக ஒரு கொப்பி வேண்டும். பிள்ளைகள் எத்தனை என்று கேட்பார்கள். இவர் ஐந்து என்பார். இவர் என்றால் என் மனுசன். ஐந்து என்ற சொல் வாயை விட்டு வெளியே வர முதலே கதவு சாத்திவிடும். இந்த வீட்டுக்காரர் மட்டும், "ஐந்தா? நல்லது, வீட்டில் கொஞ்சம் சத்தம் இருக்கும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். எழுபது வயது இருக்கும். மனைவி செத்து நாலு வருடம். ஒஷாவாவில் கார் செய்கிற இடத்தில் முப்பது வருடம் பெயின்ற் அடித்தவர். அந்தப் புகையில் மூக்கு செத்துப்போயிற்று. ரோசாப்பூவும் மீன் செதிலும் அவருக்கு ஒன்றுதான். ஆனால் மனுசனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை, பியர் காய்ச்சுவது. மனைவி இருந்த காலத்தில் அவதான் மணந்து சரி பிழை சொல்லுவாவாம். அவ போன பிறகு மூக்கில்லாமலே காய்ச்சிக்கொண்டிருந்தார்.

பேஸ்மென்றில் எங்களுக்கு இரண்டு அறையும் ஒரு சின்னக் குசினியும். நடுவில் அவருக்கும் எங்களுக்கும் பொதுவாக உடுப்புத் தோய்க்கிற அறை. வாஷிங் மெஷின், ஒரு தொட்டி, வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸ், அதோடு அவருடைய பியர்ச் சாமான்கள் எல்லாம் அங்கேதான். எங்கள் சுவாமித் தட்டும் அங்கேதான். வேறு வெறுஞ்சுவர் இல்லை. தகரப் பேணியில் வருகிற கறுத்தப் பாகைச் சுடுதண்ணீரில் கரைத்து, ஒரு பெரிய வெள்ளைப் பிளாஸ்ரிக் வாளியில் ஊற்றி, ஈஸ்ற் தூவி, மூடி போட்டு வைப்பார். மூடியில் ஒரு சின்னக் குழாய். அதற்குள் கொஞ்சம் தண்ணீர். உள்ளே புளிக்கப் புளிக்க அந்தக் குழாய் புளுக் புளுக் என்று காற்று விடும். பத்து நாளில் சத்தம் நின்றுவிடும். பிறகு போத்தலில் அடைத்துப் படிக்குக் கீழே அடுக்குவார். பிள்ளைகள் படிக்கும்போதும் புளுக், நான் தேவாரம் பாடும்போதும் புளுக். பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த மாசி மாதம் ஒரு ஞாயிறு காலை வீட்டுக்காரர் படியிறங்கி வந்தார். கையில் தொப்பி. வீட்டுக்குள்ளே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தால் நல்ல செய்தி இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

ஆனி மாதம் அவருடைய மகளுக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு வருகிற எல்லாருக்கும் தன் கையால் காய்ச்சிய பியர்தான் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். முந்தின நாள் மாப்பிள்ளை வந்து ருசி பார்த்திருக்கிறார். ஒரு மிடறு குடித்துவிட்டு, "இது என்ன, கராம்பு மணக்கிறது" என்று கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டாராம். இரண்டாவது போத்தலும் கராம்பு. மூன்றாவதும் கராம்பு.

"உங்கள் சமையலில் கராம்பு போடுவீர்களா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

இவர் ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர். இங்கிலீஷ் நல்லது. ஆனால் அது மேலதிகாரிக்குக் கடிதம் எழுதுகிற இங்கிலீஷ். ஒரு வசனத்துக்கு மூன்று 'சேர்' போடாமல் வாய் மூடாது. கேள்வி எங்கே போகிறது என்று யோசிக்காமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "யெஸ் சேர், நல்ல கராம்பு சேர், என் மனைவி தன் கையால் வறுத்து இடிப்பவ சேர்" என்று விட்டார்.

வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். நீங்கள் வந்த பிறகு காய்ச்சியது மூன்று வாளி, மூன்றும் பழுது என்றார். மார்ச்சில் இன்னொன்று காய்ச்சப் போகிறேன், அதுவும் கராம்பு மணந்தால் ஏப்ரல் முடிய நீங்கள் வேறு வீடு பார்க்க வேண்டும் என்றார். கத்திச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெல்லச் சொன்னார். சொல்லிவிட்டு மன்னிப்பும் கேட்டார். அதுதான் பொல்லாதது.

அவர் மேலே போனதும் நான் இவரைப் பார்த்தேன்.

"வறுத்து இடிப்பவவோ? ஆர் உங்களைக் கேட்டது?"

"உம்மைப் பற்றி நல்லாத்தானே சொன்னனான்."

"நல்லாச் சொல்லித்தான் இப்ப பெட்டி கட்டுறம். இஞ்சேருங்கோ, எனக்கு அந்தப் பியரை ஒருக்கா மணக்க வேணும்."

"என்னப்பா விசர்க்கதை கதைக்கிறீர்? பொம்பிளை பியர் குடிக்கிறதோ?"

"குடிக்கப் போறேல்லை, மணக்கப் போறன். மூக்கிலை ஆம்பிளை மூக்கு பொம்பிளை மூக்கு எண்டு இருக்கோ?"

"மணந்து, கராம்பு எண்டே வந்தால்?"

"வந்தால் போவம். என்ர கராம்பு எப்பிடி மணக்கும் எண்டு எனக்குத் தெரியாதோ? மேலை போய் அந்தாளிட்டைக் கேளுங்கோ. நாங்கள் வர முதல் செய்த போத்தலும் வேணும், பிறகு செய்ததும் வேணும் எண்டு சொல்லுங்கோ."

என் மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது நான் ஒரு ஆஸ்பத்திரியின் துணி தோய்க்கிற லோன்றியில் வேலை. வண்டி வண்டியாக வருகிற கட்டில் சீலைகளைப் பிரித்துப் போடுகிற வேலை. எந்த வாட்டில் இருந்து வந்த சீலை என்று எழுதியிருக்கிற துண்டைப் பார்க்க எனக்கு இங்கிலீஷ் தெரியாது. மணந்து பிரித்தேன். ஒரு நாளும் பிழை வந்ததில்லை. என் சுப்பவைசர் மற்றவர்களைக் கூட்டிவந்து வேடிக்கை காட்டுவா.

அன்று பின்னேரமே வீட்டுக்காரர் ஆறு கிளாஸுடன் வந்தார். வாஷிங் மெஷினுக்கு மேல் ஒரு துவாயை விரித்து வரிசையாக வைத்தார். முதல் மூன்றும் நாங்கள் வர முதல் காய்ச்சியது, பின் மூன்றும் வந்த பிறகு. அவரிடம் ஒரு புத்தகம் இருந்தது. புளித்து முடிந்த பியரில் எந்த மணம் வந்தால் எது காரணம் என்று அதில் போட்டிருந்தது. புத்தகம் அவரிடம், மூக்கு என்னிடம், நடுவில் இவருடைய சேர்.

மணந்துவிட்டு ஒரு மிடறு வாயில் வைத்து, தொட்டிக்குள் துப்ப வேண்டும். அதுதான் முறையாம். நான் துப்பினேன். மொழிபெயர்க்க வந்தவரும் ஒவ்வொரு கிளாஸிலும் ஒரு வாய் பார்க்க வேண்டும் என்று தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். அவருடைய ஒரு வாய் பெரிய வாய், அவர் துப்பவில்லை.

"துப்புங்கோவன்."

"வீட்டுக்காரருக்கு முன்னாலை துப்புறது மரியாதையில்லை."

முதல் கிளாஸ். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோக முதலே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இஞ்சேருங்கோ, இது அந்தக் குப்பைவாளிக்குப் பின்னாலை வாற சாமான்ர மணம். கறுப்பு, முதுகிலை வெள்ளைக் கோடு. பெரிய வால். நாத்தத் தண்ணி பீச்சும்."

"அதுக்கு இங்கிலீஷிலை என்ன?"

"எனக்கு இங்கிலீஷ் தெரிஞ்சால் உங்களை ஏன் வைச்சிருக்கிறன்?"

இவர் யோசித்தார். "சேர், ஒரு மிருகம் சேர்" என்றார். வீட்டுக்காரர் பூனையா என்றார். இல்லை. நாயா? இல்லை. கடைசியில் என்ன செய்வது, தபால் கந்தோரில் இருபது வருடம் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு இருந்த மனுசன், இரண்டு கையையும் நிலத்தில் ஊன்றி, பின்பக்கத்தை எங்கள் இரண்டு பேருக்கும் திருப்பி, ஒரு காலைத் தூக்கிக் காட்டி, வாயால் 'ஸ்ஸ்ஸ்' என்றார்.

"ஸ்கங்க்!" என்று வீட்டுக்காரர் கத்தினார்.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினார். பச்சைப் போத்தலில் அடைத்த பியரில் வெயில் பட்டால் அந்த மணம்தான் வருமாம். அந்தப் போத்தல்கள் கோடை முழுக்க யன்னல் கட்டில் நின்றவை. மனுசன் தலையில் கை வைத்தார்.

இரண்டாவது கிளாஸ் பச்சை அப்பிள் மணம். வாய்க்கு வெட்டுகிற புளிப்பு அப்பிள். அது முழுக்கப் புளித்து முடிய முதல் அவசரப்பட்டுப் போத்தலில் அடைத்ததாம். புத்தகம் சொன்னது. மூன்றாவது எனக்குப் பிடித்த மணம்.

"இது நல்ல மணம். சோளப்பொரிக்கு மேலை உருக்கி ஊத்துற பட்டர்."

அதுவும் பிழையாம். எனக்கு நம்ப முடியவில்லை, இன்னொரு வாய் எடுத்துப் பார்த்தேன். புளித்து முடிகிற நேரம் வாளியைக் கொஞ்சம் சூடான இடத்தில் மூன்று நாலு நாள் விட்டிருந்தால் அந்த பட்டர் மணத்தை ஈஸ்ற்றே தின்று முடித்திருக்கும், வீட்டுக்காரர் குளிரில் வைத்துவிட்டார். ருசி பார்க்கிற சந்தோசத்தில் அந்த வாயை நான் துப்ப மறந்துவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த இடத்தில் எனக்கு ஒரு திமிர் வந்தது, பொய் சொல்லக் கூடாது. நாங்கள் வர முதல் காய்ச்சிய மூன்றும் பழுது. இவ்வளவு காலமும் விருந்தாளிகள் மரியாதைக்குக் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"சொல்லுங்கோ. நாங்கள் வர முதலே இந்தாளின்ர பியர் ஊத்தைதான் எண்டு சொல்லுங்கோ."

"அப்பிடிச் சொல்லேலாதப்பா."

"அப்ப எப்பிடிச் சொல்லுவியள்?"

இவர் தொண்டையைச் செருமினார். மூன்று கிளாஸ் உள்ளே போயிருந்தது. மூன்று சேர் ஒன்றாகக் குறைந்திருந்தது. சொன்ன நீளத்தைப் பார்த்தால் சொல்லிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். வீட்டுக்காரரின் முகம் சிவந்தது. பிறகு, "நியாயம்" என்றார். "மற்ற மூன்றையும் மணக்கட்டும்."

நாலாவது கிளாஸ். மணந்தேன். ஐந்தாவது. ஆறாவது. திரும்ப நாலாவது.

மூன்றும் ஒரே மணம். மாப்பிள்ளை பொய் சொல்லவில்லை. கராம்பு மாதிரி ஒன்று முன்னுக்கு வந்து மூக்கில் குத்துகிறது. குசினிக்கு ஓடிப்போய் என் கராம்புப் பேணியைக் கொண்டுவந்து திறந்து, ஒரு கையில் பேணி, ஒரு கையில் கிளாஸ், மாறி மாறி மணந்தேன். கராம்பில் ஒரு இனிப்பு இருக்கும், ஒரு சூடு இருக்கும். கிளாஸில் இனிப்பும் இல்லை, சூடும் இல்லை. குத்து மட்டும்தான்.

"இது கராம்பில்லை," என்றேன். "இது காயத்துக்கு ஒட்டுற பிளாஸ்ரர். புதுசாப் பிரிச்ச பிளாஸ்ரர். எங்கட லோன்றியிலை ஒவ்வொரு நாளும் மணக்கிறன்."

இவர் அதைச் சொன்னார். வீட்டுக்காரர் கராம்புப் பேணிக்குள் தன் மூக்கை விட்டுப் பார்த்தார், பாவம், ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நம்பினார். ஸ்கங்க் கண்டுபிடித்த மூக்கை எப்படி நம்பாமல் விடுவது? "பிளாஸ்ரர் மணம் எங்கிருந்து வரும்?" என்று புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார்.

எனக்குப் பொறுமை இல்லை. "அந்த வாளியைக் கொண்டுவாங்கோ" என்றேன். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த வெள்ளை வாளி. தூக்கி மெஷின் மேல் வைத்து, என் தலை முழுவதையும் அதற்குள் விட்டு மணந்தேன்.

தலையை வெளியே எடுக்கவில்லை. எடுக்க மனம் வரவில்லை.

அந்த வாளி அப்படி வெள்ளையாக இருந்தது யாரால்? என்னால். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கு வைக்க முதல் அந்த அறையை நான் கழுவுவேன். சுவாமித் தட்டுக்கு நாலடி தள்ளிக் கள்ளு மணக்கிற ஒரு பாத்திரம் கிடந்தால் எப்படி விளக்கு வைப்பது? அவருடைய வாளி வெறுமையாக இருக்கிற வெள்ளிகளில் அதை எடுத்து, பிளீச்சை நல்லாய் ஊற்றி, தும்பால் சுரண்டித் தேய்த்து, ஒருக்கா மட்டும் தண்ணீர் காட்டிக் கவிழ்த்து வைத்துவிடுவேன். இரண்டாம் முறை அலசவில்லை. வேண்டுமென்றேதான் அலசவில்லை. பிளீச் மணம் நிற்க வேண்டும், அதுதான் சுத்தம் என்று ஆஸ்பத்திரியில் பழகிய கை. சனிக்கிழமை அவர் வந்து, செத்த மூக்கோடு, அதற்குள்ளே பாகை ஊற்றுவார்.

வாளிக்குள் இருந்தபடியே, "இஞ்சேருங்கோ" என்றேன். குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி வந்தது. "இது நான்தான்."

"என்னது?"

"என்ர பிளீச்தான். வெள்ளிக்கிழமையிலை நான் இதைக் கழுவுறனான்."

இவர் வாளிக்குள் தலையை விட்டார். இரண்டு தலை உள்ளே.

"வாயைத் திறவாதையும்," என்றார். பியர் மணக்க மணக்கக் குசுகுசுத்தார். "இனிக் கழுவுறதை நிப்பாட்டும். அவ்வளவு காணும். அடுத்தது நல்லா வரும். ஆருக்குத் தெரியப்போகுது?"

"அவர் என்ன நினைப்பார்?"

"நீர் கராம்பை நிப்பாட்டினபடியால் நல்லா வந்தது எண்டு நினைப்பார். நினைச்சிட்டுப் போகட்டுமே! வீடு மிஞ்சும்."

சரியான யோசனைதான். அப்படியே விட்டிருந்தால் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரிந்திராது. ஐந்து பிள்ளைகளுக்கும் ஒரு கூரை. ஆனால் என் கறியில் பழி விழுந்துவிடுமே! அந்த மனுசன் சாகும்வரை, கீழ்வீட்டு மனுசியின் கராம்பு என் பியரைக் கெடுத்தது என்று ஊரெல்லாம் சொல்வார். பிளீச் ஊற்றினது பிழைதான், ஒத்துக்கொள்கிறேன். என் சரக்குத்தூள் ஒரு பிழையும் செய்யவில்லை. செய்யாத பிழைக்கு அதை நான் எப்படிக் காட்டிக்கொடுப்பது?

தலையை வெளியே எடுத்தேன். பிளீச் போத்தலைத் தொட்டிக்குக் கீழே இருந்து எடுத்து, ஆறாவது கிளாஸுக்குப் பக்கத்தில் டொக் என்று வைத்தேன்.

"மீ," என்றேன். நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். "ஃப்றைடே. பக்கெற். மீ."

வீட்டுக்காரர் போத்தலைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புத்தகத்தில் விரலை வைத்திருந்தார். அந்த விரல் இருந்த இடத்திலும் அதேதான் போட்டிருந்ததாம். பிளீச் மிஞ்சினால் பிளாஸ்ரர் மணம்.

"ஏன்?" என்றார். அந்த ஒரு சொல்தான்.

இவருக்கு இப்போது சேர் எல்லாம் முடிந்துவிட்டது. சுவாமித் தட்டைக் கையால் காட்டினார். விக்கல் ஒன்று வந்தது. "எங்கள் கடவுள் குடிக்கிறதில்லை" என்றார்.

வீட்டுக்காரர் பிள்ளையாரைப் பார்த்தார். அந்த வயிற்றைப் பார்த்தார். திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார் பாருங்கள், ஊத்தை உடுப்புக் கூடையில் போய் இருந்துவிட்டார். கூடை உடைந்தது. இவரும் சிரிக்க, நானும் சிரிக்க, பிள்ளைகள் ரீவியை விட்டுவிட்டு ஓடிவந்து வாசலில் நின்று எங்களுக்கு என்ன வந்தது என்று பார்த்தார்கள். அம்மாவின் மூக்கு நுனியில் நுரை இருந்தது என்று மூத்தவள் இன்றைக்கும் சொல்வாள். அது பொய்.

சிரித்தாலும் மனுசன் சொன்ன சொல்லை விடவில்லை. எழும்பி, கண்ணைத் துடைத்து, புது வாளி வாங்குகிறேன் என்றார், பழையதில் நான் சுரண்டிய கீறல்களுக்குள் எல்லாம் பிளீச் ஏறியிருக்கும். மார்ச்சில் காய்ச்சுகிறேன். மாப்பிள்ளை வந்து மணந்து சரி என்றால் நீங்கள் இருக்கலாம். இல்லை என்றால் மகளுக்கு நான் கொடுத்த வாக்கும் போய்விடும், உங்களை இங்கே பார்க்கப் பார்க்க எனக்கு அதுதான் ஞாபகம் வரும் என்றார். நியாயம்தான். அன்றிரவே பிள்ளையாரை எங்கள் படுக்கையறைக்கு மாற்றினோம். பியர் இருந்த இடத்திலேயே இருந்தது.

மார்ச்சில் புது வாளியில் காய்ச்சினார். புளுக் தொடங்கியது. வெள்ளிக்கிழமை வந்தது. வாளி மூடிக்கு மேல் வழிந்து காய்ந்த நுரை ஒரு மண்ணிறக் கோடாக நிற்கிறது. என் கை துடிக்கிறது. ஒரு சின்ன ஈரத்துணியால், ஒரே ஒரு தரம்? சோட்டிச் சட்டையின் பொக்கெற்றுக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். இவர் அந்த வாசலில் ஒரு கதிரையைப் போட்டு, பேப்பர் வாசிக்கிற மாதிரிக் காவல் இருந்தார்.

"என்னை நம்பாமல் இருக்கிறியளோ?"

"உம்மை நம்புறன். உம்மட கையைத்தான் நம்பேல்லை."

பதினோராம் நாள் புளுக் நின்றது. குழாயில் மூக்கை வைத்தேன். முட்டை. நாட்பட்ட, கூழான முட்டை.

மேலே ஓடி வீட்டுக்காரரின் கதவைத் தட்டினேன். இவர் வேலையில். எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் கூட்டி, "எக்!" என்றேன். "பாட் எக்! பியர் எக்!" மனுசன் காலைச் சாப்பாட்டுக்கு முட்டை கேட்கிறேன் என்று நினைத்து, குளிர்ப்பெட்டியில் இருந்து இரண்டு முட்டை எடுத்துத் தந்தார். நான் முட்டையை மூக்கில் வைத்து, முகத்தைச் சுளித்து, கீழே கையைக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் விளங்கியது. புத்தகத்தை எடுத்தார். வாசித்தார். என் தோளில் தட்டி, "வெயிற்" என்றார், பொறுத்திரு என்று. பின்னேரம் இவர் வந்து கேட்டுச் சொன்னார், ஈஸ்ற் விடுகிற காற்றாம். தானே போய்விடுமாம். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் மருந்தாம்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது! என்னைப் போல ஒருத்திக்கு அதைவிடப் பெரிய தண்டனை உண்டா? இவர் நம்பவில்லை. வேலையில் இருந்து வரும்போது தினமும் இரண்டு வெறும் மட்டைப்பெட்டி கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே தள்ளினார், வீடு மாறக் கட்டுவதற்கு. பிள்ளைகள் அதற்குள் புகுந்து கப்பல் விட்டார்கள். நான் வேலைக்குப் போக முதல் ஒரு தரம், வந்த பிறகு ஒரு தரம் குழாயில் மூக்கை வைத்தேன். முதல் நாள் நாட்பட்ட முட்டை. நாலாம் நாள் அவித்த முட்டை. ஏழாம் நாள் நெருப்புக்குச்சி அணைந்த மணம். பிறகு இரண்டு நாள் ஒன்றுமே இல்லை, அந்த இரண்டு நாளும் என் மூக்கும் வீட்டுக்காரரின் மூக்குப் போல் செத்துவிட்டதோ என்று கராம்புப் பேணியைத் திறந்து திறந்து பார்த்தேன். பத்தாம் நாள் காலை மூக்கை வைத்தால், பேக்கரி வாசல். சூடாக, இப்போதுதான் பிய்த்த பாண். அடியில் ஒரு துளி தேன்.

"இஞ்சேருங்கோ! பாண்! பாண்!" என்று நான் போட்ட சத்தத்தில் ஐந்து பிள்ளைகளும் எழும்பிவிட்டார்கள். சாப்பாட்டுக்குத்தான் கூப்பிடுகிறேன் என்று கடைசிப் பெடியன் சம்பலையும் கேட்டான்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு மாப்பிள்ளை வந்தார். நல்ல உயரமான, கதவுக்குக் குனிகிற மனிதர். அவரும் மகளும் மேலே குசினி மேசையில். நாங்கள் ஏழு பேரும் கீழே, நேராக அந்த மேசைக்குக் கீழே, முகட்டைப் பார்த்துக்கொண்டு. கதிரை இழுபடுகிற சத்தம். போத்தல் திறக்கிற 'ஸ்ஸ்'. பிறகு ஒன்றுமில்லை.

"குடிக்கிறானோ?" என்றார் இவர்.

"மணக்கிறான். முதல் மணக்க வேணும்."

ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. இரண்டாவது போத்தலின் 'ஸ்ஸ்'. நான் இவரின் கையைப் பிடித்தேன். இரண்டாவதைத் திறந்தது முதலாவது பிடித்ததாலா, இல்லை அதை வெளியே ஊற்றிவிட்டதாலா? மூன்றாவது 'ஸ்ஸ்'. அதோடு மேலே ஒருத்தர் சிரித்தார், பிறகு எல்லாரும் சிரித்தார்கள், பிறகு படியில் தடதடவென்று கால் சத்தம். வீட்டுக்காரர் இறங்கி வந்தார். கையில் தொப்பி இல்லை, பியர்ப் போத்தல். "நோ குளோவ்ஸ்!" என்று கத்தினார், கராம்பு மணம் இல்லையாம். "நோ குளோவ்ஸ், நோ எக், நோ ஸ்கங்க்! யூ ஸ்ரே!"

ஸ்ரே என்றால் இருங்கள், அது எனக்கு விளங்கும். இவர் கட்டிலுக்குக் கீழே இருந்த பெட்டிகளை எல்லாம் இழுத்தெடுத்து, ஒவ்வொன்றாகக் காலால் மிதித்துத் தட்டையாக்கினார். பிள்ளைகளும் சேர்ந்து குதித்தார்கள். கடைசிப் பெடியன் தன் கப்பல் போச்சு என்று அழுதான், அவனுக்கு மட்டும் ஒரு பெட்டியை விட்டுவைத்தோம். நான் குசினிக்குள் போனேன். இரண்டு மாதமாய் ஒளித்து வைத்திருந்த கராம்பை எடுத்து, ஒரு பிடி வறுத்தேன். ஆட்டிறைச்சி காய்ச்சி மேலே கொண்டுபோனேன். மாப்பிள்ளை வேர்க்க வேர்க்கச் சாப்பிட்டு, இது என்ன இவ்வளவு நல்ல வாசம் என்று கேட்டார். இவர் வாயைத் திறந்தார். நான் காலை மிதித்தேன்.

ஆனி மாதக் கல்யாணத்துக்கு நாங்கள் ஏழு பேரும் போனோம். பியர் முழுவதும் முடிந்தது. நான் குடிக்கவில்லை, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு போத்தல் மணந்து பார்த்துத்தான் மேசைக்கு விட்டேன். அந்தப் பேஸ்மென்றில் இன்னும் மூன்று வருடம் இருந்தோம். ஒருத்தரும் எங்களை வீட்டை விட்டு எழும்பச் சொல்லவில்லை. நாங்களாகத்தான் எழும்பினோம்.

இவ்வளவு எழுதினது காணும். கை உளைகிறது, என் எழுத்து எனக்கே தெரியவில்லை. பேரப்பிள்ளையைத்தான் கூப்பிட வேண்டும். இஞ்சை வா மோனை, உந்த ஃபோனை வைச்சிட்டு வா. சனிக்கிழமை வகுப்பிலை படிக்கிற தமிழாலை இதை எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு. ஓடாதை, ஆறுதலா வாசி. பிழையைத் திருத்தாதை. முதலிலை இருந்து, சத்தமா.